வீட்டு மின்சுற்றில் இன்னுமொரு குதை: சுவருக்குள் இருக்கும் கம்பி தாங்குமா?



வீட்டு மின்சுற்றின் வரிப்படத்தை உங்களில் அநேகர் பார்க்காமலே வரைவீர்கள். சேவைக் கம்பி, சேவை உருகி, மின்மானி, பிரதான ஆளி, மீதியோட்டச் சுற்றுடைப்பான், அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிற்றுருச் சுற்றுடைப்பான் என்று ஒழுங்கு தவறாமல் பெயரிட்டுப் புள்ளியும் பெறுவீர்கள். ஆனால் அதே வரிப்படத்தைக் காட்டி, “இவ்வீட்டில் இன்னுமொரு குதை பொருத்த வேண்டும். எங்கிருந்து இணைப்பு எடுப்பீர்? காரணம் தருக” என்று வினா மாறினால் விடைத்தாளில் இடம் வெறுமையாக விடப்படுகிறது. வரிப்படம் மனனமாகியிருக்கிறது, அதிலுள்ள ஒவ்வொரு பகுதியும் எதற்கென்று விளங்கவில்லை என்பதே இதற்குக் காரணம். ஆகவே இவ்வலகை ஒரேயொரு குதையை வைத்துக்கொண்டு மீட்டுப் பார்ப்போம்.

வீட்டில் நாம் ‘பிளக் பொயின்ற்’ என்று சொல்வதே குதை. ‘பிளக்’ என்பது செருகி. ‘ரிப் சுவிச்’ என்பது மீதியோட்டச் சுற்றுடைப்பான். விடை எழுதும்போது பாடநூற் சொற்களையே எழுதுங்கள்.

தொடங்குமுன் ஒரு விடயம். இங்கு கூறப்படும் வேலையைச் செய்ய வேண்டியவர் தகைமை பெற்ற மின்னிணைப்பாளர். பரம்பற் பெட்டியையோ குதையின் மூடியையோ நீங்கள் கழற்றக் கூடாது. அவர் வந்து வேலை செய்யும்போது அருகில் நின்று, சரியான கேள்வியைக் கேட்கும் அறிவை நீங்கள் பெற்றிருக்கலாம். அந்த ஒரு கேள்வி ஒரு வீட்டையே காப்பாற்றக்கூடும்.

படிக்கும் அறையில் ஒரு குதை

ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். படிக்கும் அறையில் ஒரு மின்குமிழும் அதற்கான ஆளியும் மாத்திரம் உள்ளன. மடிக்கணினிக்கு ஒரு குதை தேவைப்படுகிறது. குதைச் சுற்று சமையலறைப் பக்கம் ஓடுகிறது; அங்கிருந்து கம்பி இழுக்கச் சுவர் வெட்ட வேண்டும், செலவும் உண்டு. “எதற்கு வீண் செலவு? மின்குமிழ் ஆளியிலிருந்தே எடுத்துவிடலாம், அரை மணித்தியால வேலை” என்கிறார் ஒருவர். அவ்வாறே செய்யப்படுகிறது. மடிக்கணினி வேலை செய்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மடிக்கணினியின் வலு 65 உவாற்று எனின்,

மின்னோட்டம் = வலு ÷ வோல்ற்றளவு = 65 ÷ 230 = 0.28 அம்பியர்

மின்குமிழ்ச் சுற்றின் சுற்றுடைப்பான் பொதுவாக 6 அம்பியர் (உருகி உள்ள பழைய வீடுகளில் 5 அம்பியர்). 0.28 அம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எனவே இவ்விணைப்புச் சரி என்று எண்ணத் தோன்றும். பிழை இங்கேதான் உள்ளது. மின்குமிழின் சுமையை அதைப் பொருத்துபவர் அறிவார். குதையின் சுமையை எவரும் அறியார். இன்று மடிக்கணினி, நாளை விருந்தினர் வந்து அதே குதையில் மின்னழுத்தியைச் செருகுவார். ‘13 அம்பியர்’ என்று பொறிக்கப்பட்ட ஒன்றைச் சுவரில் பொருத்தினால், அதன் பின்னால் உள்ள கம்பியும் 13 அம்பியரைத் தாங்க வேண்டும்.

ஒரு நாள் அக்குதையில் பலவழிச் செருகி ஒன்றின் மூலம் 2000 உவாற்று மின்கேத்தலும் 1000 உவாற்று மின்னழுத்தியும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன எனக் கொள்வோம்.

மின்னோட்டம் = 3000 ÷ 230 = 13 அம்பியர் (ஏறத்தாழ)

6 அம்பியர்ச் சுற்றுடைப்பான் சிறிது நேரத்தில் விழுகிறது. மீண்டும் உயர்த்தினால் மீண்டும் விழுகிறது. அது தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் வீட்டிலுள்ளோர் அதைத் தொல்லையாகக் கருதி, “பெரிதாக ஒன்று போட்டுவிடுங்கள்” என்கின்றனர். 6 அம்பியர் கழற்றப்பட்டு 20 அம்பியர் பொருத்தப்படுகிறது. அதன்பின் ஒன்றும் விழுவதில்லை. இந்த அமைதிதான் ஆபத்து.

சுவருக்குள் நடப்பது என்ன?

இலங்கையில் மின்கம்பி வாங்கும்போது கடைக்காரர் ‘1/1.13’, ‘7/0.67’ என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் எண் கம்பியிலுள்ள இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். குறுக்குவெட்டுப் பரப்பளவை நீங்களே கணிக்கலாம்.

1/1.13 எனின், ஆரை 0.565 மில்லிமீற்றர். பரப்பளவு = 3.14 × 0.565 × 0.565 = 1.0 சதுர மில்லிமீற்றர்.

7/0.67 எனின், ஆரை 0.335 மில்லிமீற்றர். பரப்பளவு = 7 × 3.14 × 0.335 × 0.335 = 2.5 சதுர மில்லிமீற்றர் (ஏறத்தாழ).

முதலாவது மின்குமிழ்ச் சுற்றுக்கும் இரண்டாவது குதைச் சுற்றுக்கும் பயன்படுகின்றன. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பளவு கூடும்போது தடை குறையும் என்பதை நீங்கள் கற்றிருக்கிறீர்கள்.

பரம்பற் பெட்டியிலிருந்து அறைக்கு 10 மீற்றர் தூரம் என்போம். மின்னோட்டம் உயிர்க்கம்பி வழியே சென்று நொதுமற் கம்பி வழியே திரும்புவதால் செப்புக் கம்பியின் மொத்த நீளம் 20 மீற்றர். (10 மீற்றர் என்று எடுப்பது மாணவர் வழமையாகச் செய்யும் தவறு.) 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் இந்நீளத்தின் தடை ஏறத்தாழ 0.34 ஓம். கம்பியில் ஒரு செக்கனில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கி வருவது.

மின்குமிழ்களுக்காக 1 அம்பியர் பாயும்போது: 1 × 1 × 0.34 = 0.34 உவாற்று

கேத்தலும் மின்னழுத்தியும் 13 அம்பியர் எடுக்கும்போது: 13 × 13 × 0.34 = 57 உவாற்று

மின்னோட்டம் 13 மடங்கு கூடியது. வெப்பமோ 169 மடங்கு கூடியது. ஒரு பழைய 60 உவாற்று இழைக்குமிழ் தரும் வெப்பம் பிளாத்திக்குக் குழாய்க்குள், காற்றோட்டமின்றி, கம்பியின் நீளமெங்கும் பரவுகிறது. அன்றே தீப்பிடிக்கும் என்பதில்லை. கம்பியின் காவலிப் படை நாளுக்கு நாள் இளகி, பின் காய்ந்து வெடிக்கும். உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் தொடும் நாளில் குறுஞ்சுற்று ஏற்படும். கூரை மரத்தின் மேலாகக் கம்பி செல்லும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசமானது.

இதே 13 அம்பியர் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் பாய்ந்தால் தடை 0.136 ஓம் ஆகவும் வெப்பம் ஏறத்தாழ 23 உவாற்றாகவும் இருக்கும். அத்துடன் குதைச் சுற்றின் சுற்றுடைப்பானும் அக்கம்பி தாங்கும் அளவுக்கே தெரிவுசெய்யப்பட்டிருக்கும்.

இங்கிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சுற்றுடைப்பானோ உருகியோ காப்பது கம்பியையே. எனவே அதன் அளவு கம்பியைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. உபகரணம் கூடுதலாகக் கேட்கிறது என்பதற்காகச் சுற்றுடைப்பானைப் பெரிதாக்கக் கூடாது. உருகிக் கம்பிக்குப் பதிலாகச் செப்பு இழையை முறுக்கி வைக்கும் பழக்கமும் இதே பிழைதான். சில வீடுகளில் அதைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஆளிப் பெட்டிக்குள் இன்னொரு பொறி

மின்குமிழ் ஆளிக்குள் பெரும்பாலும் உயிர்க்கம்பியும், ஆளியிலிருந்து மின்குமிழுக்குச் செல்லும் கம்பியும் மாத்திரமே வரும். ஆளி உயிர்க்கம்பியில் பொருத்தப்படுவதால் நொதுமற் கம்பி அங்கு தேவையில்லை. ஆனால் குதைக்கு நொதுமற் கம்பி அவசியம். அப்போது அவசர வேலைக்காரர் சிலர் புவிக்கம்பியையே நொதுமற் கம்பியாக இணைத்துவிடுவர். மடிக்கணினி அதிலும் வேலை செய்யும்!

மீதியோட்டச் சுற்றுடைப்பான் உயிர்க்கம்பியால் போகும் மின்னோட்டத்தையும் நொதுமற் கம்பியால் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் சாதனம். வீடுகளில் இவ்வித்தியாசம் 30 மில்லியம்பியரை அடையுமுன்னரோ அடைந்ததுமோ அது சுற்றைத் துண்டிக்கும். மடிக்கணினியின் 0.28 அம்பியர், அதாவது 280 மில்லியம்பியர், புவிக்கம்பியால் திரும்பினால் அது உடனே விழும். அப்படி விழுந்தால் நல்லது, பிழை வெளிப்பட்டுவிடும். அச்சாதனம் இல்லாத பழைய வீட்டில் எதுவும் விழாது. புவிக்கம்பி எங்காவது அறுந்தால், அதனோடு தொடுக்கப்பட்ட குளிரேற்றி, மின்னழுத்தி ஆகியவற்றின் உலோக உடல்களுக்கு அம்மடிக்கணினி வழியாகவே உயிர்க்கம்பியின் அழுத்தம் வந்து சேரும். குளிரேற்றியைத் திறக்கப் போகும் அம்மாவுக்கு மடிக்கணினியைப் பற்றி என்ன தெரியும்?

புதிய குதையை எங்கிருந்து எடுப்பது?

குதைச் சுற்றிலிருந்து. அதிலும் இரு வகை உண்டு. ஆரைச் சுற்றில் கம்பி பரம்பற் பெட்டியில் தொடங்கி, குதை குதையாகச் சென்று கடைசிக் குதையில் முடியும். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் அதற்கு 16 அல்லது 20 அம்பியர்ச் சுற்றுடைப்பான் இருக்கும். வளையச் சுற்றில் கம்பி எல்லாக் குதைகளையும் சுற்றி மீண்டும் பரம்பற் பெட்டிக்கே வரும். ஒவ்வொரு குதைக்கும் இரு வழியாக மின்னோட்டம் வருவதால் அதே கம்பிக்கு 30 அல்லது 32 அம்பியர் அனுமதிக்கப்படுகிறது.

வளையத்திலுள்ள ஒரு குதையிலிருந்து ஒரு கிளை எடுத்து, அதில் ஒரு குதையைப் பொருத்தலாம். கிளையிலிருந்து மீண்டும் கிளை எடுத்தல் கூடாது. ஏனெனில் கிளைக் கம்பிக்கு மின்னோட்டம் ஒரு வழியாகவே வருகிறது. சுற்றுடைப்பானோ 32 அம்பியர். கிளையில் இரண்டு, மூன்று குதைகள் தொடர்ந்தால் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி தன் எல்லையைத் தாண்டிய பின்னரும் சுற்றுடைப்பான் பேசாமல் இருக்கும். மேலே கண்ட மின்குமிழ்ச் சுற்றின் கதையேதான் இதுவும்.

மின்னிணைப்பாளர் பழைய குதையின் மூடியைக் கழற்றியதும் முதலில் கம்பித் தொகுதிகளை எண்ணுவார். ஒரு தொகுதி வந்தால் அது ஆரைச் சுற்றின் கடைசிக் குதை, அல்லது ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒரு கிளை. இரண்டு வந்தால் வளையத்திலோ ஆரைச் சுற்றின் இடையிலோ உள்ளது. மூன்று எனின் பெரும்பாலும் அங்கிருந்து ஒரு கிளை ஏற்கெனவே போயிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் மாத்திரம் போதாது. பரம்பற் பெட்டியில் கம்பி முனைகளைக் கழற்றி, ஓம்மானியால் தொடர்ச்சியைச் சோதித்தே அவர் முடிவுக்கு வருவார். “இது வளையமா, கிளையா அண்ணா?” என்று நீங்கள் கேட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

வேலையின் ஒழுங்கும் காரணமும்

முதலில் பிரதான ஆளி திறக்கப்படும். வேறொருவர் தெரியாமல் அதை மூடிவிடாதபடி பூட்டோ எச்சரிக்கைத் துண்டோ இடப்படும். அடுத்து, சோதனைக் கருவியை மின் உள்ளதென்று நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிப்படுத்தி, பின்பு வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மறுபடியும் முதலிடத்தில் சோதிப்பார். இம்மூன்றாவது சோதனை ஏன்? இடையில் கருவி பழுதடைந்திருந்தால், மின் உள்ள கம்பியும் மின் இல்லாததாகவே காட்டப்படும். பிரதான ஆளி திறந்திருந்தாலும் மின்மானிப் பக்கத்துக் கம்பிகளில் மின் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இணைக்கும்போது கபிலநிறக் கம்பி உயிர் முனைக்கும், நீலக் கம்பி நொதுமல் முனைக்கும், பச்சை மஞ்சட் கோடிட்ட கம்பி புவி முனைக்கும் செல்லும். பழைய வீடுகளில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும். 13 அம்பியர்க் குதையை முன்னிருந்து பார்க்கும்போது மேல் துளை புவி, வலது உயிர், இடது நொதுமல். பின்னிருந்து பார்த்தால் வலமிடம் மாறும். வரிப்படத்தில் எப்பக்கம் காட்டப்பட்டுள்ளது எனப் பார்த்துப் பெயரிடுங்கள்.

திருகாணிகள் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைச் சிறு விடயமாக எண்ண வேண்டாம். தளர்ந்த ஓர் இணைப்பின் தடை 0.5 ஓம் எனக் கொண்டு 13 அம்பியருக்குக் கணித்துப் பாருங்கள். 13 × 13 × 0.5 = 84.5 உவாற்று. முன்னர் கண்ட 57 உவாற்று 20 மீற்றர் நீளத்தில் பரவியது. இதுவோ ஒரு திருகாணித் தலையளவு இடத்தில் சேர்கிறது. கறுத்துப்போன குதை, எரிந்த பிளாத்திக்கு மணம், சூடான செருகி என்பன இதன் அடையாளங்கள். அக்குதையை உடனே பாவனையிலிருந்து நிறுத்த வேண்டும். கம்பியை முறுக்கி நாடா சுற்றி, அதன்மேல் சீமெந்து பூசி மறைப்பதும் இவ்வகைத் தவறே.

இறுதியாக, புவிக்கம்பியின் தொடர்ச்சியும் கம்பிகளின் காவலித் தடையும் முனைகளின் ஒழுங்கும் சோதிக்கப்பட்டு, மின் வழங்கியபின் மீதியோட்டச் சுற்றுடைப்பானின் சோதனைப் பொத்தான் அழுத்திப் பார்க்கப்படும்.

இன்னுமொன்று. 13 அம்பியர்ச் செருகியில் புவி முளை மற்றவற்றிலும் நீளமானது. அது முதலில் நுழைந்து, உயிர், நொதுமல் துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கிறது. சிறு பிள்ளைகள் கம்பியைச் செருகிவிடாதிருக்கவே அத்தடுப்பு. ஆனால் நம் வீடுகளில் மேல் துளைக்குள் ஈர்க்கையோ பேனா மூடியையோ செருகி, தடுப்பைத் திறந்து, இருமுளைச் செருகியைத் திணிப்பது சாதாரணமாகிவிட்டது. இதனால் தடுப்பின் பயன் இல்லாமற் போவதுடன், பொருந்தாத முளை தளர்ந்து சூடேறுகிறது. பொருத்தமான மாற்றுச் செருகியைப் பாவிப்பதே முறை.

பயிற்சி

ஒரு வீட்டின் குதைச் சுற்று 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாலான ஆரைச் சுற்றாகும். சுற்றுடைப்பான் 16 அம்பியர். வழங்கல் 230 வோல்ற்று. இச்சுற்றில் 2000 உவாற்று மின்கேத்தல், 700 உவாற்று சோறு சமைக்கும் கருவி, 150 உவாற்று குளிரேற்றி என்பன உள்ளன. புதிய குதை ஒன்றில் 1000 உவாற்று மின்னழுத்தி இணைக்கப்படவுள்ளது.

(அ) புதிய குதைக்கு முன்னரும் பின்னரும், எல்லா உபகரணங்களும் ஒருங்கே தொழிற்படும்போது சுற்றில் பாயும் மின்னோட்டம் யாது?

(ஆ) “16 அம்பியருக்குப் பதிலாக 32 அம்பியர்ச் சுற்றுடைப்பானைப் பொருத்தலாம்.” இக்கூற்றை ஏற்பீரா?

(இ) மின்னழுத்தியின் உலோக உடல் உயிர்க்கம்பியுடன் தொடுகையுறுகிறது. புவித்தொடுப்பு இல்லை. அதைத் தொடுபவரின் உடலினூடான பாதையின் தடை 1500 ஓம் எனின், பாயும் மின்னோட்டம் யாது? எச்சாதனம் அவரைக் காக்கும்?

விடைகள்

(அ) முன்னர்: 2850 ÷ 230 = 12.4 அம்பியர். பின்னர்: 3850 ÷ 230 = 16.7 அம்பியர்.

(ஆ) ஏற்க முடியாது. ஆரைச் சுற்றிலுள்ள 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பிக்கு 32 அம்பியர் மிகையானது. கம்பி சூடேறிய பின்னும் சுற்றுத் துண்டிக்கப்படாது. கேத்தலையும் மின்னழுத்தியையும் ஒரே நேரத்தில் பாவிக்காதிருத்தல், அல்லது பரம்பற் பெட்டியிலிருந்து தனிச் சுற்றொன்று இழுத்தல் தகுந்தது. “கூடாது” என்று மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. கம்பியைக் குறிப்பிட வேண்டும். 16.7 அம்பியர் எல்லையைச் சற்றே தாண்டியிருப்பதால் சுற்றுடைப்பான் உடனே விழாது, நெடுநேரம் விழாமலும் இருக்கலாம் என்பதையும் கவனிக்க.

(இ) 230 ÷ 1500 = 0.153 அம்பியர், அதாவது 153 மில்லியம்பியர். 16 அம்பியர்ச் சுற்றுடைப்பானுக்கு இது மிகச் சிறியது, அது தொழிற்படாது. 30 மில்லியம்பியர் மீதியோட்டச் சுற்றுடைப்பான் துண்டிக்கும். ஆனால் அதே நபர் காவலியிட்ட தரையில் நின்று ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறுகையால் நொதுமற் கம்பியையும் தொட்டால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமனாக இருக்கும். அப்போது மீதியோட்டச் சுற்றுடைப்பானும் தொழிற்படாது.